ஒரு டாலர் ஒப்பந்தம்: பெண்கள் டென்னிஸ் யார் காசில் வளர்ந்தது?

டென்னிஸ் அதிகம் பார்க்காதவர்களுக்குக்கூட இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கிராண்ட் ஸ்லாம் போட்டிகள் நான்கிலும் ஆண் சாம்பியனுக்கும் பெண் சாம்பியனுக்கும் ஒரே பரிசுத்தொகை. கால்பந்து, கூடைப்பந்து, கோல்ஃப் என்று எதை எடுத்தாலும் இன்றைக்கும் இந்த விஷயத்தில் டென்னிஸுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

இதற்கு ஒரு சுலபமான விளக்கம் சொல்வார்கள். "டென்னிஸ் நாகரிகமான ஆட்டம், மேல்தட்டு ஆட்டம், அதனால பெண்களை ஆரம்பத்திலிருந்தே சமமா நடத்தினாங்க." பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டினாலே இது உண்மை இல்லை என்று தெரிந்துவிடும். 1968 விம்பிள்டனில் ஆண்கள் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுண்ட். பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்ட். 1970 இத்தாலி ஓபனில் ஆண்களில் ஜெயித்த இலியே நஸ்டாஸேவுக்கு 3,500 டாலர், பெண்களில் ஜெயித்த அதே கிங்குக்கு 600 டாலர். அதாவது காலம் போகப் போக இடைவெளி குறையவில்லை, கூடிக்கொண்டே போனது.

அப்புறம் எப்படி மாறியது? யாரும் மனம் திருந்திக் கொடுக்கவில்லை. பெண்கள் தங்களுக்கென்று ஒரு கடையைத் தனியாகத் திறந்தார்கள். அந்தக் கடைக்கு முதல் போட்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை இருந்தது என்பதைப் பின்தொடர்ந்தால்தான் பெண்கள் டென்னிஸின் வரலாறு ஒழுங்காகப் புரிகிறது.

அமெச்சூர் என்ற வேலி

விம்பிள்டன் 1877ல் ஆண்களுக்காக ஆரம்பித்தது. பெண்கள் ஒற்றையர் போட்டி 1884ல் வந்தது. 13 பேர் கலந்துகொண்டார்கள். மாட் வாட்சன் இறுதிப்போட்டியில் தன் அக்கா லிலியனைத் தோற்கடித்து, 20 கினி மதிப்புள்ள வெள்ளிப் பூக்கூடை ஒன்றைப் பரிசாக வாங்கினார்.

பணம் கிடையாது. 1968 வரை இதுதான் விதி. பெரிய போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். ஆட்டத்துக்குக் காசு வாங்கினால் "தொழில்முறை ஆட்டக்காரர்" ஆகிவிடுவீர்கள், விம்பிள்டன் கதவு உங்களுக்கு மூடிவிடும். கேட்க உயர்ந்த கொள்கை மாதிரி இருக்கும். நடைமுறையில் என்ன ஆச்சு? டிக்கெட் விற்ற பணம் கிளப்புக்கும் சங்கத்துக்கும் போனது. பெயர் பெற்ற ஆட்டக்காரர்களுக்குச் "செலவுக்கு" என்று மேசைக்கு அடியில் கவர் போனது. பேரம் பேசத் தெரிந்தவருக்குக் கவர் கனமாக இருக்கும். பெண்களுக்கு வந்த கவர் பெரும்பாலும் மெலிந்ததுதான்.

தனியாகக் கிளம்பியவர்கள்

இந்த வேலியைத் தாண்டிய முதல் பெரிய பெயர் பிரான்சின் சுசான் லெங்லன். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் 6 முறை. அவர் ஆடுகிறார் என்றால் கூட்டம் அலைமோதும். 1926ல் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் சி.சி. பைல், 50,000 டாலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தார். ஊர் ஊராகப் போய் மேரி கே. பிரௌனுடன் ஆட வேண்டும். 38 ஆட்டங்கள். 38லும் லெங்லனே ஜெயித்தார்.

நல்ல காசுதான். ஆனா பிரச்சினையும் அந்த 38க்கு 38லேயே இருக்கு. ஆடுவதற்கு வேறு ஆள் இல்லை. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தை எத்தனை ஊரில் விற்க முடியும்? சுற்றுப்பயணம் முடிந்தது, அத்தோடு அதுவும் முடிந்தது.

அடுத்து 1946 விம்பிள்டன் சாம்பியன் பாலின் பெட்ஸ். அவர் தொழில்முறைக்குப் போகவே இல்லை. போகலாமா என்று விசாரித்தார், அவ்வளவுதான். அதற்கே 1947ல் அமெரிக்க டென்னிஸ் சங்கம் அவரை நீக்கியது. பிறகு 1950-51ல் கஸ்ஸி மோரனுடன் ஒரு சுற்றுப்பயணம் போனார். அதை நடத்தியவர் பாபி ரிக்ஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அப்புறம் ஆல்தியா கிப்சன். கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர். 1957, 1958 இரண்டு வருடமும் விம்பிள்டனும் அமெரிக்க சாம்பியன்ஷிப்பும் ஜெயித்தார். உலகின் முதல் ஆட்டக்காரி, கையில் காசு இல்லை. தொழில்முறைக்கு மாறிய பிறகு அவருக்குக் கிடைத்த மேடை எது தெரியுமா? ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கூடைப்பந்து வித்தைக் குழுவின் நிகழ்ச்சிகளில் ஒரு காட்சி ஆட்டம். சில வருடங்களில் டென்னிஸை விட்டு கோல்ஃபுக்குப் போய்விட்டார்.

மூன்று பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. திறமை, பெயர், துணிச்சல் எல்லாம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: ஆட ஒரு போட்டித் தொடர். ஒற்றை நட்சத்திரத்தை வைத்துக் காட்சி நடத்தலாம், தொழில் நடத்த முடியாது. தொழிலுக்கு நிறைய பேர் வேண்டும், வாராவாரம் போட்டி வேண்டும், யார் ஜெயிப்பார் என்ற சந்தேகம் வேண்டும்.

எட்டுக்கு ஒன்று

1968ல் வேலி விழுந்தது. அமெச்சூரும் தொழில்முறையும் சேர்ந்து ஆடலாம் என்று ஆனது. "ஓபன் யுகம்" என்று சொல்கிறோமே, அது இதுதான். ஆண்களுக்கு இது பொற்காலம். பெண்களுக்கு? போட்டி நடத்துபவர்கள் இப்போது வெளிப்படையாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. பெரும்பகுதிப் பணத்தை ஆண்கள் பக்கம் தள்ளினார்கள். சிலர் பெண்கள் பிரிவையே கைவிட்டார்கள்.

1970 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்த பசிஃபிக் சவுத்வெஸ்ட் போட்டியின் அறிவிப்பு வந்தது. ஆண்களில் முதல் பரிசு 12,500 டாலர். பெண்களில் 1,500 டாலர். எட்டுக்கு ஒன்று. நடத்தியவர் ஜாக் கிரேமர். அவரே முன்னாள் விம்பிள்டன் சாம்பியன், ஆண்களின் தொழில்முறை ஆட்டத்தைக் கட்டி வளர்த்தவர், "ஆட்டக்காரனுக்குக் காசு வேண்டும்" என்று அமெச்சூர் சங்கங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவர்.

கிங், ரோசி கசால்ஸ், நான்சி ரிச்சி ஆகியோர் கிளாடிஸ் ஹெல்ட்மனிடம் போனார்கள். ஹெல்ட்மன் 1953ல் 'வேர்ல்ட் டென்னிஸ்' பத்திரிகையைத் தொடங்கி நடத்திவந்தவர். டென்னிஸ் உலகில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. கிரேமரிடம் பேசிப் பார்த்தார், அவர் மசியவில்லை. சரி, அதே வாரத்தில் நாமே ஒரு போட்டி நடத்துவோம் என்று ஹூஸ்டன் ராக்கெட் கிளப்பில் ஏற்பாடு செய்தார். மொத்தப் பரிசு 7,500 டாலர்.

அமெரிக்க டென்னிஸ் சங்கம் அனுமதி தரவில்லை. ஆடினால் தடை என்று மிரட்டியது. தடை என்றால் சும்மா இல்லை. தரவரிசை போகும், நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு போகும், கிராண்ட் ஸ்லாமே கேள்விக்குறியாகும்.

இங்கேதான் ஹெல்ட்மன் ஒரு சட்ட நுணுக்கத்தைப் பிடித்தார். அன்றைய விதிப்படி, தனியார் ஒருவரிடம் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் சங்கத்தின் அதிகாரத்துக்குள் வரமாட்டார். அப்படியானால் எல்லோரும் என் பத்திரிகையோடு ஒப்பந்தம் போடுங்கள் என்றார். சம்பளம்? ஒரு டாலர்.

1970 செப்டம்பர் 23. ஒன்பது பேர் அந்த ஒரு டாலரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். பில்லி ஜீன் கிங், ரோசி கசால்ஸ், நான்சி ரிச்சி, பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வலரி சீகன்ஃபஸ், கிளாடிஸின் மகள் ஜூலி ஹெல்ட்மன், ஆஸ்திரேலியாவிலிருந்து ஜூடி டால்டன், கெரி மெல்வில். ஜூலிக்கு அப்போது காயம். ஆட முடியாது. ஆனாலும் மற்றவர்களோடு நிற்க வேண்டும் என்பதற்காகக் கிங்கோடு ஒரே ஒரு பாயிண்ட் ஆடிவிட்டு விலகினார். அந்தப் போட்டியில் கசால்ஸ் ஜெயித்தார், பரிசு 1,600 டாலர். லாஸ் ஏஞ்சலஸில் கிடைத்திருக்கக்கூடியதைவிட நூறு டாலர் அதிகம்!

லெங்லனிடம் 50,000 டாலர் இருந்தது, போட்டித் தொடர் இல்லை. இவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர்தான், ஆனால் ஒன்பது பேராக இருந்தார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம் இதுதான்.

சிகரெட் காசு

ஒன்பது பேர் சேர்ந்தால் போதுமா? பணம் எங்கிருந்து வரும்? ஹூஸ்டன் பரிசுத்தொகையில் 2,500 டாலர் ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனியிடமிருந்து வந்தது. அதன் தலைவர் ஜோ கல்மன் ஹெல்ட்மனின் நண்பர், டென்னிஸ் பித்தர். கம்பெனி 1968ல் பெண்களுக்கென்றே வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட்டைக் கொண்டுவந்திருந்தது. "நீ ரொம்ப தூரம் வந்துட்டே பெண்ணே" என்கிற மாதிரியான விளம்பரம், பெண் விடுதலையையே விற்பனைச் சரக்காக்கிய விளம்பரம்.

கம்பெனிக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அமெரிக்காவில் டிவியிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1970ல் சட்டம் வந்தது. 1971 ஜனவரி 2 முதல் அமல். சிகரெட் கம்பெனிகளிடம் விளம்பரப் பணம் இருந்தது, கொட்ட இடம் இல்லை. பெண்கள் டென்னிஸிடம் ஆட்டம் இருந்தது, காசு இல்லை. அதே 1971 ஜனவரியில் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சர்க்யூட் தொடங்கியது. அந்த வருடம் 19 போட்டிகள், மொத்தப் பரிசு மூன்று லட்சம் டாலருக்கு மேல்.

ஆட்டக்காரர்களே சந்தைக்கும் தெருவுக்கும் போய் டிக்கெட் கொடுத்தார்கள், காலை வானொலியில் பேசினார்கள். டெட் டின்லிங் ஆடை வடிவமைத்துக் கொடுத்தார். அந்த வருடக் கடைசியில் பில்லி ஜீன் கிங், ஒரே வருடத்தில் ஒரு லட்சம் டாலர் சம்பாதித்த முதல் விளையாட்டு வீராங்கனை ஆனார்.

நுரையீரலைக் கெடுக்கும் பொருளை விற்கிறவன் காசில் ஓட்டப் பந்தயம் மாதிரியான ஓர் ஆட்டம் வளர்வது முரண் இல்லையா? முரண்தான். அன்றைக்கே பலர் கேட்டார்கள். ஆட்டக்காரர்களின் பதில் சுருக்கமானது: வேறு யார் வந்தார்கள்? இந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது, நெருடலும் இருக்கிறது. 1990களின் மத்தி வரை, இடையில் சில வருடம் ஏவான் நிறுவனம் வந்துபோனது தவிர, அந்த சிகரெட் பெயர்தான் பெண்கள் டென்னிஸின் முகவரி.

1973

ஒரே வருடத்தில் மூன்று விஷயம்.

முதலாவது, சங்கம். ஆண்கள் 1972ல் தங்களுக்கென்று ஏடிபி சங்கம் ஆரம்பித்தார்கள். பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1973 ஜூனில், விம்பிள்டனுக்குச் சற்று முன், லண்டன் குளோஸ்டர் ஹோட்டலில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரிகளைக் கிங் கூட்டினார். முடிவெடுக்காமல் யாரும் வெளியே போகக்கூடாது. நெடுநெடுவென்று உயரமான ஹாலந்து ஆட்டக்காரி பெட்டி ஸ்டோவே கதவருகே காவல் நின்றார். கூட்டம் முடிந்தபோது டபிள்யூடிஏ பிறந்திருந்தது, கிங் தலைவர். அதே வருடம் அமெரிக்க சங்கம் போட்டியாக நடத்திவந்த சுற்றும், ஸ்லிம்ஸ் சுற்றும் ஒன்றாக இணைந்தன. அந்தச் சமரசத்தில் ஓரங்கட்டப்பட்டவர் கிளாடிஸ் ஹெல்ட்மன். வித்து போட்டவருக்கு விளைச்சலில் பங்கில்லை.

இரண்டாவது, யுஎஸ் ஓபன். 1972ல் நஸ்டாஸேவுக்கு 25,000, கிங்குக்கு 10,000 டாலர். இப்படியே இருந்தால் அடுத்த வருடம் வரமாட்டோம் என்று கிங் சொன்னார். வெறும் மிரட்டலோடு நிறுத்தவில்லை. வித்தியாசத் தொகையைக் கொடுக்க ஸ்பான்சரும் கிடைத்தது. பிரிஸ்டல்-மையர்ஸ் கம்பெனி, தன் டியோடரன்ட் விளம்பரத்துக்காக 55,000 டாலர் போட்டது. 1973ல் ஜான் நியூகோம்புக்கும் மார்கரெட் கோர்ட்டுக்கும் ஆளுக்கு 25,000. கிராண்ட் ஸ்லாம் வரலாற்றில் முதல் சமம், வியர்வை நாற்றத்தைப் போக்குகிற மருந்தின் காசில் வந்தது.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தது. 55 வயது பாபி ரிக்ஸ், அதே பழைய அமைப்பாளர், "பெண்கள் ஆட்டம் எனக்கு ஈடாகாது" என்று சவால் விட்டார். மே மாதம் மார்கரெட் கோர்ட்டை 6-2, 6-1 என்று சாய்த்தார். செப்டம்பர் 20 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 30,472 பேர் முன்னிலையில் 29 வயது கிங், ரிக்ஸை 6-4, 6-3, 6-3 என்று ஜெயித்தார். ஆட்ட அளவில் பார்த்தால் வயதானவரை இளையவர் ஜெயித்த காட்சி ஆட்டம்தான். ஆனால் கிங் தோற்றிருந்தால், இரண்டு வருடமாகக் கட்டியது அத்தனையும் கேலிக்கூத்தாகியிருக்கும். டிவி வர்ணனைக்கு ஜாக் கிரேமர் வந்தால் ஆடமாட்டேன் என்றார் கிங். கிரேமர் விலக்கப்பட்டார். எட்டுக்கு ஒன்றுக்கான பதில் மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது.

"ஆனா மூணு செட்தானே ஆடுறாங்க?"

சமப் பரிசு பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வி வரும். ஆண்கள் கிராண்ட் ஸ்லாமில் ஐந்து செட், பெண்கள் மூன்று. குறைந்த வேலைக்கு ஒரே கூலியா?

முதலில், மூன்று செட் என்பது பெண்கள் கேட்டு வாங்கியது இல்லை. அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் 1891 முதல் 1901 வரை பெண்கள் இறுதிப்போட்டி ஐந்து செட்டாகத்தான் நடந்தது. 1902ல் மூன்றாகக் குறைத்தது ஆண்கள் நடத்திய சங்கம். பிற்காலத்தில் 1984 முதல் 1998 வரை பெண்களின் ஆண்டிறுதி சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியும் ஐந்து செட்தான்.

இரண்டாவது, பரிசுத்தொகை மணிக்கணக்குக் கூலி இல்லை. நேர் செட்டில் ஒன்றரை மணி நேரத்தில் ஜெயித்த ஆணுக்கு, ஐந்து மணி நேரம் போராடி ஜெயித்தவரைவிடக் குறைவாகக் கொடுப்பதில்லையே? மூன்று மணி நேரப் படத்துக்கும் இரண்டு மணி நேரப் படத்துக்கும் தியேட்டரில் ஒரே டிக்கெட்தான். கேள்வி, கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது என்பதுதான். 2023 யுஎஸ் ஓபனில் கோகோ காஃப் ஜெயித்த பெண்கள் இறுதிப்போட்டியை, அமெரிக்காவில் ஆண்கள் இறுதிப்போட்டியைவிட அதிகம் பேர் டிவியில் பார்த்தார்கள். எல்லா வருடமும் அப்படி இல்லை. ஆனால் எல்லா வருடமும் ஆண்களுக்கே கூட்டம் என்பதும் இல்லை.

கடைசி 30,000 பவுண்ட்

1975ல் கணினித் தரவரிசை வந்தது, முதல் இடத்தில் கிறிஸ் எவர்ட். 1982ல் மார்ட்டினா நவ்ரத்திலோவா ஒரே வருடத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் ஆட்டக்காரி ஆனார். ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. விம்பிள்டன் மட்டும் அசையவில்லை.

2006ல் ரோஜர் ஃபெடரருக்கு 6,55,000 பவுண்ட், அமேலி மொரெஸ்மோவுக்கு 6,25,000. வித்தியாசம் 30,000. விம்பிள்டனின் வருமானத்தில் இது ஒன்றுமே இல்லை. அப்படியானால் ஏன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? அது காசு விஷயம் இல்லை, "நீ ஒரு படி கீழே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் விஷயம். வீனஸ் வில்லியம்ஸ் 2005 இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் கிராண்ட் ஸ்லாம் நிர்வாகிகள் கூட்டத்துக்குப் போய், எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, உங்கள் மகளாக இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்ற கேள்வியை வைத்தார். அடுத்த வருடம் பத்திரிகையிலும் எழுதினார். 2007ல் விம்பிள்டன் இறங்கி வந்தது. இருவருக்கும் 7,00,000 பவுண்ட். அந்த வருடம் அதை வாங்கியவரும் வீனஸே.

யுஎஸ் ஓபனுக்கும் விம்பிள்டனுக்கும் நடுவே 34 வருடம்.

இன்றைய காசு

கிராண்ட் ஸ்லாமில் சமம் வந்தது, ஏனென்றால் அங்கே ஆணும் பெண்ணும் ஒரே டிக்கெட்டில் ஆடுகிறார்கள். அதை விட்டு வெளியே வந்தால் இடைவெளி அப்படியே நிற்கிறது. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் நடந்ததே, அது டபிள்யூடிஏ 250 வகை. மொத்தப் பரிசு சுமார் இரண்டரை லட்சம் டாலர். அதே வகை ஆண்கள் போட்டிகளில் இதைவிடக் கணிசமாக அதிகம். பெரிய போட்டிகளில் படிப்படியாகச் சமமாக்குவோம், 2033க்குள் முடிப்போம் என்று டபிள்யூடிஏ 2023ல் அறிவித்தது.

அதற்குப் பணம்? பழைய கதைதான், முதலாளி மட்டும் வேறு. 2019ல் ஆண்டிறுதிப் போட்டி சீனாவின் ஷென்ஜெனுக்குப் போனது. ஆஷ்லி பார்ட்டிக்கு 44,20,000 டாலர். அதுவரை டென்னிஸில் ஆணோ பெண்ணோ ஒரே போட்டியில் வாங்கிய அதிகத் தொகை. 2021 நவம்பரில் சீன ஆட்டக்காரி பெங் ஷுவாய், முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் மீது பாலியல் புகார் எழுதினார். பதிவு உடனே மறைந்தது, அவரும் சில நாட்கள் கண்ணில் படவில்லை. டபிள்யூடிஏ சீனாவில் எல்லாப் போட்டிகளையும் நிறுத்தியது. இவ்வளவு வருமானத்தை ஒரு விளையாட்டு அமைப்பு கொள்கைக்காக விட்டது அபூர்வம். ஆனால் 2023ல், கேட்ட விசாரணை நடக்காமலேயே, திரும்பிப் போனது. கைச்செலவு தாங்கவில்லை.

2024 முதல் அந்த ஆண்டிறுதிப் போட்டி சவூதியின் ரியாத்தில். பரிசு 1.5 கோடி டாலருக்கு மேல். பெண் உரிமையில் இப்படிப்பட்ட வரலாறு உள்ள நாட்டிலா என்று எவர்ட்டும் நவ்ரத்திலோவாவும் சேர்ந்து எதிர்த்து எழுதினார்கள். போய்ப் பேசினால்தான் மாற்றம் வரும் என்றார் கிங். ஒரே பாசறையில் வளர்ந்தவர்கள், எதிரெதிர்ப் பக்கம். 2025ல் அதே சவூதி நிதியத்தின் பணத்தில்தான் ஆட்டக்காரிகளுக்குச் சம்பளத்தோடு 12 மாதம் வரை மகப்பேறு விடுப்பு வந்தது. இதை எந்தத் தட்டில் வைத்து எடை போடுவது?

சிகரெட், டியோடரன்ட், சீனா, சவூதி. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தவருக்கு ஒரு தேவை இருந்தது, பெண்கள் டென்னிஸின் நல்ல பெயர் தேவைப்பட்டது. இதில் ஆட்டக்காரிகளைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் ஆண்கள் பக்கம் போன பணம் எல்லாம் சுத்தமான பணமா என்று யாரும் இவ்வளவு துருவிக் கேட்டதில்லை. சொந்தக் கடை இல்லாதபோது எட்டில் ஒரு பங்குதான் கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. முதல் போடுகிறவனைத் தேர்ந்தெடுக்கும் வசதி, முதல் இல்லாதவனுக்கு எப்போதும் குறைவுதான்.

அந்த ஒன்பது பேரையும் 2021ல் சர்வதேச டென்னிஸ் புகழ்க் கூடத்தில் சேர்த்தார்கள். தனித்தனியாக இல்லை, ஒரு குழுவாக. அந்தக் கூடம் ஒரு குழுவைச் சேர்த்தது அதுவே முதல் முறை. சரியாகத்தான் செய்தார்கள். தனித்தனியாகப் போனவர்களுக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோமே.